பாயாத பொருள் என ஒன்று உண்டா?

கெட்டித் தார்க் கட்டியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் கண்ணாடியைப் போலச் சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது. அதே தாரைப் புனலில் இட்டு ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் சொட்டாகத் திரண்டு விழுகிறது. திடப்பொருளுக்குத் தனி வடிவம் உண்டு, திரவம் கலத்தின் வடிவை ஏற்கும் என்ற பள்ளிப்பாட இலக்கணம் இந்த ஒரு பொருளிடமே தடுமாறிவிடுகிறது. இயற்பியல் தரும் இலக்கணம் இதைவிடக் கூர்மையானது. ஒரு பொருளின் அடிப்பரப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு மேற்பரப்பைப் பக்கவாட்டில் தள்ளினால் உள்ளே சறுக்குப்பெயர்ச்சித் தகைவு எழுகிறது. அந்தத் தகைவை ஓய்வுநிலையில் தாங்கி நிற்பது திடம். எவ்வளவு சிறிய தகைவானாலும் தாங்க இயலாமல் பாய்ந்துகொண்டே இருப்பது பாய்மம். ஆனால் தாங்கி நிற்பது என்றால் எவ்வளவு நேரம்? ஒரு விநாடியா, நூறு ஆண்டா, பூமியின் வயது முழுவதுமா? இலக்கணம் இதைச் சொல்வதில்லை. கடந்த முந்நூறு ஆண்டுகளில் இதற்கு வந்த விடைகள் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றுகின்றன. அவை மூன்று வேறு கேள்விகளுக்கு உரிய விடைகள் என்பதே இக்கட்டுரையின் வாதம். பொருள் எவ்வளவு நேரத்தில் விட்டுக்கொடுக்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பது இன்னொன்று. தகைவைக் குறைத்துக்கொண்டே போனால் பாய்வு எப்படிக் குறைகிறது என்பது மூன்றாவது. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்கு விடையாக வைக்கும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

ஹூக்கும் நியூட்டனும் வகுத்த எல்லை

ராபர்ட் ஹூக் தம் மீட்சி விதியை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிர்போல வெளியிட்டு, 1678-இல் அவிழ்த்தார். இழுவிசை எவ்வளவோ நீட்சி அவ்வளவு என்பதே அதன் சாரம். 1687-இல் வெளியான ‘பிரின்சிப்பியா’வின் இரண்டாம் பாகத்தில் நியூட்டன், பாய்மத்தின் அடுத்தடுத்த பகுதிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் வேகத்துக்கேற்ப அவற்றிடையே தடை எழுகிறது என்று கருதுகோளாக வைத்தார். முதல் விதியில் விசையைத் தீர்மானிப்பது உருமாற்றத்தின் அளவு. இரண்டாவதில் உருமாறும் வேகம். திடம் தன் பழைய உருவை நினைவில் வைத்திருக்கிறது, பாய்மம் வைத்திருப்பதில்லை என்று இதைச் சொல்லலாம். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு இவ்விரண்டும் தனித்தனித் துறைகளாகவே வளர்ந்தன. இரண்டு சமன்பாடுகளுமே ஏறத்தாழ ஒரே காலத்தில், 1820-களின் தொடக்கத்தில், நேவியரின் கையில் உருப்பெற்றன என்பதும், தகைவு என்ற பொதுக் கருத்தை அதே ஆண்டுகளில் கோஷி திடத்துக்கும் பாய்மத்துக்கும் பொருந்தும்படி வகுத்தார் என்பதும் பின்னால் வரப்போகும் இணைப்புக்கு முன்னறிகுறிகள்.

அந்த இணைப்பை வெளிப்படையாக முன்வைத்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1845-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை பாய்மங்களின் உள் உராய்வையும் மீட்சித் திடங்களின் சமநிலையையும் ஒரே தலைப்பின் கீழ் எடுத்துக்கொண்டது. திசைச்சார்பற்ற திடத்தின் மீட்சிப் பண்பைச் சொல்ல ஒரே ஒரு மாறிலி போதும் என்று நேவியரும் புவாசோனும் மூலக்கூறுகளிடையே உள்ள விசைகளிலிருந்து வருவித்திருந்தனர். அப்படியானால் நீளவாக்கில் இழுபடும் எந்தப் பொருளும் பக்கவாட்டில் சுருங்கும் விகிதம் கால் பங்காகவே இருக்க வேண்டும். இரப்பரும் பசைக்கூழும் அதற்கு அடங்கவில்லை. கூழில் நீரைச் சேர்த்துக்கொண்டே போனால் அது சிறிதுசிறிதாகத் திரவத்தை நெருங்குகிறது. பருமனை அழுத்திக் குறைப்பதற்கான எதிர்ப்பு அப்படியே இருக்க, வடிவத்தை மாற்றுவதற்கான எதிர்ப்பு மட்டும் மெல்ல மறைகிறது. ஆகவே இரண்டு மாறிலிகள் வேண்டும், திடத்திலிருந்து பாய்மத்துக்குப் போகும் பாதையில் துண்டிப்பு இல்லை என்று அவர் வாதிட்டார். ஒளியைச் சுமந்துசெல்லும் ஊடகமாக அன்று கருதப்பட்ட ஈத்தருக்கும் இக்கருத்தை அவர் நீட்டினார். ஒளியின் விரைவான அதிர்வுக்குத் திடமாகவும், கோள்களின் மெதுவான நகர்வுக்குப் பாய்மமாகவும் அது நடந்துகொள்ளக்கூடும் என்றார். ஈத்தர் இல்லை என்று பின்னர் ஆயிற்று. ஆனால் இல்லாத பொருளுக்காகச் செய்யப்பட்ட அந்தச் சிந்தனை உள்ள பொருள்கள் அனைத்துக்கும் பொருந்தியது.

காலமே அளவுகோல்

1867-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இச்சிந்தனைக்கு எண் வடிவம் கொடுத்தார். வாயுக்களின் இயக்கக் கொள்கை பற்றிய கட்டுரையில் அவர் சொன்னது இது: எந்தப் பொருளிலும் திடீரென எழும் தகைவு முதலில் மீட்சித் தகைவுதான், அது ஒரு குறிப்பிட்ட காலப்போக்கில் தளர்ந்துவிடுகிறது. விறைப்புக் குணகத்தை இந்தத் தளர்வு நேரத்தால் பெருக்கினால் பாகியல் எண் கிடைக்கும். பாகுநிலை என்ற நம் கலைச்சொல் பாகிலிருந்து வந்தது. வெல்லப்பாகு கம்பிப் பதத்திலிருந்து உருட்டுப் பதத்துக்குப் போகும்போது அடுப்பருகே நிற்பவர் கணிப்பது, மாக்ஸ்வெல்லின் மொழியில், தளர்வு நேரம் நீள்வதைத்தான்.

இவ்விதியின் வலிமை அது இணைக்கும் பொருள்களின் பரப்பில் தெரிகிறது. நீரின் பாகியல் எண் ஏறத்தாழ 0.001 பாஸ்கல்-விநாடி. மிக மிக விரைவாக அதைத் தாக்கினால் வெளிப்படும் விறைப்பு நூறு கோடி பாஸ்கல் அளவில் இருக்கும். எனவே தளர்வு நேரம் ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதைவிட விரைவான அதிர்வுக்கு நீரும் திடமே. இது வெறும் கணக்கு அன்று. 1939-இல் பெங்களூரில் சி. வி. ராமனும் சி. எஸ். வெங்கடேஸ்வரனும் கிளிசரினில் ஒளிச்சிதறலை ஆராய்ந்து, மீவிரைவு அதிர்வில் ஒலி அங்கே எதிர்பார்த்ததைவிட வேகமாகச் செல்வதைக் கண்டு, அதைத் திரவத்தின் விறைப்புக்குச் சான்றாக வைத்தனர். யாகோவ் பிரெங்கெல் திரவங்களின் இயக்கக் கொள்கை குறித்த தம் நூலில் இதே பார்வையை அணு நிலையில் விரித்தார். திரவத்தின் அணு தன் அண்டை அணுக்களுக்கு நடுவே சிறிது நேரம் அதிர்ந்து, பின் தாவுகிறது. தாவலுக்கும் தாவலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அது திடத்தின் அணுவேதான்.

மறுமுனையில் இருப்பது நாம் நிற்கும் நிலம். பூமியின் உட்பகுதி மெல்லிய ஓடு போர்த்திய உருகுநிலை என்று பல புவியியலர் கருதிய காலத்தில், 1863-இல் கெல்வின் கடல் ஓதத்தைக் காட்டி மறுத்தார். உள்ளே திரவமாயின் நிலவின் ஈர்ப்புக்கு ஓடும் சேர்ந்து எழும். கரையில் நிற்பவர் கண்ணுக்கு ஓதமே தெரியாது. பூமி மொத்தத்தில் கண்ணாடியைவிட விறைப்பானது என்பது அவர் முடிவு. திடத்தில் மட்டுமே செல்லக்கூடிய நிலநடுக்கக் குறுக்கலைகள், ஓட்டுக்குக் கீழே உள்ள மூடகத்தின் ஊடே செல்வது அதை உறுதிப்படுத்தியது. ஆனால் பனிப்பாளத்தின் சுமை நீங்கிய ஸ்காண்டினேவியா ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உயர்ந்துவருகிறது. அந்த எழுச்சியிலிருந்து 1935-இல் ஹாஸ்கெல் மூடகத்தின் பாகியல் எண்ணை 10²¹ பாஸ்கல்-விநாடி என்ற அளவில் கணித்தார். விறைப்புக் குணகத்தைத் தோராயமாக 10¹¹ பாஸ்கல் என்று கொண்டால் தளர்வு நேரம் சுமார் முந்நூறு ஆண்டு. விநாடிகளில் அதிரும் நிலநடுக்க அலைக்கும் அரைநாள் ஓதத்துக்கும் அது திடம். பத்தாயிரம் ஆண்டுக்குப் பாய்மம். இரண்டு சான்றுகளும் மெய். முரண்பாடு எதுவும் இல்லை.

ஆனாலும் இதை ஏற்காதவர்களில் பெரியவர் ஹெரால்ட் ஜெஃப்ரிஸ். கண்டப் பெயர்ச்சியை அவர் மறுத்ததைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பாறைகளில் அளக்கப்பட்ட மெதுநகர்வு நேரம் செல்லச் செல்லத் தேய்ந்துபோகிறது, மடக்கைச் சார்பாக மட்டுமே வளர்கிறது என்று 1956-இல் லோம்நிட்ஸ் காட்டியிருந்தார். அந்த விதியை நீட்டினால் மூடகத்தில் சலனச் சுழற்சிக்கு இடமில்லை. சோதனை அறை வெப்பநிலையில் செய்யப்பட்டது என்பதில்தான் பிழை இருந்தது. உருகுநிலையை நெருங்கும் வெப்பத்தில் பாறை வேறு வழிமுறைகளால் நகர்கிறது. அங்கே நகர்வு தேய்வதில்லை. தளர்வு நேரத்தை அளக்காத எல்லைக்கு நீட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. இதே ஆபத்தைக் கண்ணாடியிலும் காண்போம்.

1964-இல் மார்க்கஸ் ரைனர் இந்தக் கருத்துக்குப் பெயர் சூட்டினார். பொருளின் தளர்வு நேரத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தால் வகுத்தால் வருவது டெபோரா எண். ஆண்டவன் முன்னிலையில் மலைகள் பாய்ந்தன என்று பாடியதாக விவிலியம் சொல்லும் பெண் தீர்க்கதரிசியின் பெயர் அது. எண் பெரிதானால் திடம், சிறிதானால் பாய்மம். பொறியாளருக்கு இதைவிடப் பயனுள்ள அளவுகோல் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் இது பொருளின் நிலையைச் சொல்லும் இலக்கணமா என்பது வேறு. இதை அப்படியே ஏற்றால் திடம் என்பது பார்ப்பவரின் பொறுமைக்குறைவுக்கு இட்ட பெயராகிவிடும். அந்த முடிவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை என்பதை இனி வரும் சான்றுகள் காட்டுகின்றன.

தாரும் தேவாலயக் கண்ணாடியும்

குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927-இல் தொடங்கிய தார்ச் சொட்டுச் சோதனையை எல்லோரும் இந்த விவாதத்தில் மேற்கோள் காட்டுகிறார்கள். புனலின் காம்பு 1930-இல் வெட்டப்பட்டது. முதல் சொட்டு 1938-இல் விழுந்தது. 2014 வரை ஒன்பது சொட்டுகள். தாரின் பாகியல் எண் ஏறத்தாழ 23 கோடி பாஸ்கல்-விநாடி என்று அதிலிருந்து கணித்தனர். நீரைப்போல 23,000 கோடி மடங்கு. திடமாகத் தோன்றுவதும் நெடுங்காலத்தில் திரவமே என்பதற்கு இது நிரூபணம் என்பார்கள். மாக்ஸ்வெல்லின் விதியைப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தாரின் உடனடி விறைப்பு நூறு கோடி பாஸ்கல் அளவில் இருக்கக்கூடும். அப்படியானால் தளர்வு நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. சுத்தியலடி அந்த நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் தார் தெறிக்கிறது. மற்றபடி ஒரு விநாடி கடந்ததுமே அது முழுமையான திரவம். பத்தாண்டு எடுப்பது தார் திரவமாவதற்கு அன்று. சொட்டை இழுக்கும் புவியீர்ப்பு அவ்வளவு பெரிய பாகுநிலைக்கு முன் அற்பமானது என்பதால். மெதுவாகப் பாய்வதும் திடமாக இருப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டதால்தான் இவ்வளவு அழகான சோதனை அதற்குத் தொடர்பில்லாத கேள்விக்குச் சான்றாக நிறுத்தப்படுகிறது.

ஐரோப்பியத் தேவாலயங்களின் பழைய சாளரக் கண்ணாடி அடியில் தடித்திருப்பது அது மெல்ல வழிந்ததால்தான் என்ற நம்பிக்கையில் குழப்பம் எதிர்த் திசையில் நேர்ந்தது. கண்ணாடியைச் சுழற்றித் தட்டாக்கும் பழைய முறையில் தகடு சீரான தடிமனில் வராது. தடித்த பக்கத்தைக் கீழே வைப்பது கண்ணாடி பொருத்துபவருக்கு இயல்பு. 1998-இல் எட்கர் சனோட்டோ செய்த கணக்கில் அறை வெப்பநிலையில் கண்ணாடி புலப்படும்படி வழிய அண்டத்தின் வயதும் போதவில்லை. ஆனால் அக்கணக்கு உயர்வெப்ப அளவீடுகளைக் கீழே நீட்டிப் பெற்றது. 2017-இல் இடைக்காலக் கண்ணாடியின் கலவையையே உருவாக்கி அளந்தவர்கள், பாகியல் எண் முன்பு கருதியதைவிடப் பதினாறு பத்தின் அடுக்குகள் குறைவு என்று கண்டனர். அவ்வளவு பெரிய திருத்தத்துக்குப் பிறகும் நூறு கோடி ஆண்டில் வழியக்கூடியது அதிகபட்சம் ஒரு நானோமீட்டர் அளவே. கட்டுக்கதை வீழ்ந்தது, கூடவே, நீட்டிப் பெற்ற எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் வெளிப்பட்டது.

படிகத்தின் தனி வழக்கு

காலத்தை வைத்துப் பிரிப்பதில் நிறைவு காணாதவர்கள் அமைப்பை நோக்கித் திரும்பினர். படிகத்தில் அணுக்கள் ஒழுங்கான அடுக்கில் நிற்கின்றன. திரவத்தில் அப்படி இல்லை. ஒரு சமச்சீர்மை முறிந்தால் முறிந்தது, முறியாவிட்டால் முறியாதது. பாதி முறிவு என்பதில்லை. மாக்ஸ் போர்ன் 1939-இல் சறுக்குப்பெயர்ச்சிக்கான எதிர்ப்பு மறைவதையே உருகுதலின் இலக்கணமாக வைத்தார். பனிக்கட்டி உருகும் வெப்பநிலை கூர்மையானது என்பதும் உள்ளுறை வெப்பம் என்பதும் இப்பார்வைக்கு ஆதரவு. பார்ப்பவரின் பொறுமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு எழும் வலுவான ஆட்சேபம், படிகமும் பாய்கிறது என்பதுதான். ஆல்ப்ஸ் பனியாறுகளைப் பற்றி 1840-களில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் அவை பாகுபோலப் பாய்கின்றன என்றார். நொறுங்கும் தன்மையுள்ள பனிக்கட்டி அப்படிப் பாயாது, உடைந்து உடைந்து மீண்டும் ஒட்டிக்கொண்டே நகர்கிறது என்று டின்டல் மறுத்தார். இருவர் கண்டதிலும் உண்மை இருந்தது. 1950-களில் கிளென் செய்த சோதனைகள், பனிப் படிகங்கள் தகைவின் ஏறத்தாழ மும்மடிக்கு ஏற்ப உருமாறுகின்றன என்று காட்டின. இதற்கு வழியமைப்பவை 1934-இல் டெய்லர், ஓரோவான், பொலானி ஆகியோர் தனித்தனியே முன்வைத்த இடப்பிறழ்வுகள் எனும் அடுக்குக் குறைகள். பிறழ்வே நகராவிட்டாலும் அணுக்கள் ஊடுருவிப் பரவுவதால் படிகம் மெல்ல உருமாறும் என்று 1948-இல் நபாரோவும் 1950-இல் ஹெரிங்கும் கணித்தனர். அப்படியானால் மாக்ஸ்வெல்லும் ரைனரும் வென்றுவிட்டனரா?

இல்லை என்பதற்கு நாம் அறிந்த தெளிவான வாதம் 2010-இல் சோசே, பிரோலி, குர்ச்சன் ஆகியோர் முன்வைத்தது. குறையற்ற படிகமும் எந்தத் தகைவின்கீழும் இறுதியில் பாயும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டனர். ஆனால் எப்படிப் பாய்கிறது என்பதைக் கவனித்தனர். திரவத்தில் தகைவைப் பாதியாக்கினால் பாய்வும் பாதியாகும். பாகியல் எண் மாறாது. குறையற்ற படிகத்தில் தகைவு குறையக் குறையப் பாகியல் எண் மிகக் கடுமையாக ஏறி, தகைவு சுழியை நெருங்கும்போது எல்லையின்றிப் போய்விடுகிறது. ஆகவே பாயுமா என்று கேட்பது தவறான கேள்வி. சுழியை நோக்கிப் போகையில் பாகியல் எண் ஓரிடத்தில் நிற்கிறதா, எல்லையின்றி ஏறுகிறதா என்பதே சரியான கேள்வி. இந்த வரையறையில் காலம் இடம்பெறவில்லை. ஆனால் பாய்வு இடம்பெறுகிறது. திடம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருளை மீட்டுத் தருவது இதுவே என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு. மெய்யான படிகங்களில் மணிகளுக்கு இடைப்பட்ட எல்லைகளும் குறைகளும் நிறைந்திருப்பதால் அவற்றுக்கு இதை அப்படியே பொருத்த இயலாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நபாரோ, ஹெரிங் சொன்ன பரவல் நகர்வு தகைவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மணிகள் சிறியனவாக உள்ள உலோகம் இந்த வரையறைப்படி திரவத்தின் பக்கமே சாயும்.

வெப்பம் எட்டாத பொருள்கள்

பற்பசை, பெயின்ட், சேறு போன்றவை இன்னொரு வகை. ஓர் அளவு வரை தள்ளினால் அசைவதில்லை. அதைத் தாண்டினால் ஓடுகின்றன. யூஜின் பிங்ஹாம் 1922-இல் எழுதிய நூல் இந்தத் தொடக்கத் தகைவுக்கு இடம் பெற்றுத் தந்தது. 1985-இல் பார்ன்ஸும் வால்டர்ஸும் அப்படி ஒரு தகைவே கட்டுக்கதை, நுட்பமான கருவியால் அளந்தால் அதற்குக் கீழேயும் பாய்வு தெரிகிறது என்று எழுதியதும் பெரும் விவாதம் எழுந்தது. 2009-இல் மோலர், ஃபால், பான் ஆகியோர் காட்டியது விவாதத்தின் திசையை மாற்றியது. தொடக்கத் தகைவுக்குக் கீழே அளக்கப்பட்ட பாகியல் எண், காத்திருக்கக் காத்திருக்க ஏறிக்கொண்டே போகிறது. அது நிலைத்த பாய்வே அன்று. சிறிய அசைவைக் கண்டதும் பாய்வு என்று முடிவுகட்டக் கூடாது என்பது இங்கே தெளிவு.

மணற்குவியல் இன்னும் தெளிவான வழக்கு. ஒரு மில்லிமீட்டர் மணல்மணியைத் தன் உயரம் அளவு தூக்க வேண்டிய ஆற்றல், அறை வெப்பநிலையின் வெப்ப அசைவு தரும் ஆற்றலைப்போல லட்சம் கோடி மடங்குக்கும் மேல். எவ்வளவு காத்திருந்தாலும் வெப்பம் அதைத் தாவ வைக்காது. இங்கே தளர்வு நேரம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. டெபோரா எண் கைகொடுக்காது. 1998-இல் ஆண்ட்ரியா லியூவும் சிட்னி நேகலும் வெப்பநிலை, அடர்த்தி, தகைவு மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்து, கண்ணாடியும் மணலும் நுரையும் நெரிந்து நிற்கும் பொதுநிலை ஒன்றின் வடிவங்களாக இருக்கலாம் என்றனர். அதை முழுமையாக ஏற்பதற்கில்லை. வெப்பம் ஆளும் பொருளையும் வெப்பம் தொடாத பொருளையும் அது சற்று எளிதாகவே இணைக்கிறது. ஆனால் இக்கேள்வி எத்தகையது என்பதை 1964-இல் நீகாட்டா நிலநடுக்கத்தில் சேதமின்றிச் சாய்ந்த அடுக்குமாடிக் கட்டடங்களும், 1978-இல் நார்வேயின் ரிஸ்ஸாவில் உப்பு கழுவப்பட்ட கடற்களிமண் நொடிகளில் குழம்பாகி ஓடியதும் உணர்த்துகின்றன. அஸ்திவாரம் போடுபவருக்கு, காலடியில் இருப்பது எந்த நிலையில் திடமாக நிற்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை.

எஞ்சி நிற்பது

படிகத்துக்கு அமைப்பும் தகைவெல்லையும் சேர்ந்து ஒரு விடை தருகின்றன. மணலுக்கு நெரிநிலை ஒரு விடையைத் தொட்டுக் காட்டுகிறது. கண்ணாடிக்கு எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. அதன் அணுக்கள் திரவத்தைப்போலவே ஒழுங்கற்றவை. தாங்கும் திறன் திடத்துக்குரியது. குளிர்விக்கும்போது பாகியல் எண் 10¹² பாஸ்கல்-விநாடியை எட்டும் இடத்தை மரபாகக் கண்ணாடிநிலை என்கிறோம்; மாக்ஸ்வெல் விதிப்படி தளர்வு நேரம் அரை நிமிட அளவாகும் இடம் அது. அதாவது, அந்த எல்லை ஆய்வகத்தின் வசதிக்கேற்ப வைத்தது. அதற்குக் கீழே எங்கோ, சுழியைவிட உயர்ந்த ஒரு வெப்பநிலையில், தளர்வு நேரம் உண்மையாகவே எல்லையற்றதாகிறதா? ஆகுமென்றால் கண்ணாடி ஒரு புதிய நிலை. இல்லையென்றால் அது முடிவில்லாமல் சோம்பிய திரவம். 1995-இல் ஃபிலிப் ஆண்டர்சன் திடநிலைக் கொள்கையில் தீராத கேள்விகளில் ஆழமானதாகக் கருதியது இதைத்தான். உயர்வெப்ப அளவீடுகளுக்குப் பொருந்தும் வோகல், ஃபுல்க்கர், தம்மான் சமன்பாடு அப்படி ஒரு வெப்பநிலை உண்டு என்று குறிக்கிறது. முடிவிலாப் பரிமாணங்களில் வகுக்கப்பட்ட கணிதக் கொள்கையும் அதன் பக்கமே. மூன்று பரிமாணத்தில் அது நிலைக்குமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

2013-இல் ஜாவ், சைமன், மெக்கென்னா ஆகியோர் டொமினிக்கன் அம்பரை எடுத்துக்கொண்டனர். இரண்டு கோடி ஆண்டுகள் மண்ணில் கிடந்து தளர்ந்த அந்தப் பிசின், எந்த ஆய்வகமும் காத்திருக்க இயலாத சமநிலையை நெருங்கியிருந்தது. கண்ணாடிநிலைக்கு ஏறத்தாழ 40 கெல்வின் கீழே வரை சென்ற அந்த அளவீட்டில் தளர்வு நேரம் எல்லையின்மையை நோக்கி ஓடவில்லை. இது சமன்பாட்டுக்கு எதிரான கனமான சான்று. ஆனாலும் ஒரே ஒரு பொருள், அதன் புதைவு வெப்பநிலையும் நாம் ஊகிப்பது. அதற்கும் கீழே போக இன்றிருக்கும் வழிகள் இரண்டு. ஆவியை மிக மெதுவாகப் படியவைத்து ஆக்கும் உறுதிமிகு கண்ணாடிகள், பல நூற்றாண்டுகள் முதிர்ந்தவற்றுக்கு நிகரானவை. ஆனால் அவை மெல்லிய படலங்கள். கணினியில் துகள்களை இடம்மாற்றித் தளர்வை முடுக்கும் உருவகங்கள் இன்னும் ஆழம் செல்கின்றன. அவற்றின் துகள்கள் எளிய உருண்டைகள். சிலிக்கானும் ஆக்சிஜனும் வலையாகப் பிணைந்த சாளரக் கண்ணாடிக்கு இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதை இன்னும் யாரும் அளந்து காட்டவில்லை.